கடைசிப் படத்தில் ஆளில்லை

குஞ்சம்மாவைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் அவளை அறிந்தவர்கள் சொல்வார்கள். செம்மேட்டுத் தோட்டத்தில் பிறந்தாள், அங்கேயே புல் வெட்டினாள். மலாயாவில், அலோர் காஜாவிலிருந்து உள்ளே திரும்பும் மண்சாலையில் கம்பெனி நட்ட பலகையில் வேறு ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்தது. சனங்களுக்கு அந்தச் சிவந்த மேடும் மழைக்காலத்தில் அதிலிருந்து இறங்கும் சிவந்த தண்ணீரும்தான் அடையாளம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்காவது கொஞ்சம் மதிப்பு உண்டு. புல்வெட்டுக்காரிகளை யாரும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. வரிசையாகக் குனிந்த முதுகுகள், அவ்வளவுதான்.

பத்து வயதில் அந்த வரிசையில் சேர்ந்தாள். அந்தக் காலத்துத் துரைக்கு ஒரே சட்டம்: ரப்பர் மரத்தைத் தவிர நிரையில், மர வரிசைக்கு நடுவே, வேறெதுவும் உயிரோடு நிற்கக் கூடாது. "தரை வாசல் மாதிரி இருக்கணும், ஊசி விழுந்தா தெரியணும்" என்பார் மருதமுத்துக் கங்காணி. கொத்தால் சுரண்ட வேண்டும். கொத்துக்குத் தப்பியதை விரலால் பிடுங்க வேண்டும். வேரைத் தட்டி மண்ணை உதிர்த்து, வெயிலில் மல்லாத்திப் போட வேண்டும். சில வருஷங்களில் இந்த வேலைக்குக் கண்கூடத் தேவைப்படாது. பேசிக்கொண்டே செய்யலாம், சிரித்துக்கொண்டே செய்யலாம், அழுதுகொண்டும் செய்யலாம். லயத்து வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் குஞ்சம்மாவின் விரல் காலடியில் முளைத்ததைத் தேடிப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். கற்றது கையில் இறங்கிவிட்டால் பிறகு அது மனிதரைக் கேட்டு நடப்பதில்லை. அதைத் திறமை என்று சொல்கிறோம். வேறு பெயரும் அதற்குப் பொருந்தலாம்.

ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் கேட்பாரற்றுக் கிடந்தது. புல் வெட்டச் சொல்ல ஆளில்லை. அவள் புருஷன் சின்னத்தம்பியைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். போனவன் போனவன்தான். எந்த மண்ணில் கிடக்கிறான் என்று வந்து சொல்லக்கூட ஒருவரும் திரும்பவில்லை. மகள் ஜெயமணி மரவள்ளிக் கிழங்கையே தின்று உடம்பு வீங்கி, ஒரு காய்ச்சலில் கண்ணை மூடினாள். லயத்துக்குப் பின்னால் மேட்டுச் சரிவில்தான் தோட்டத்து மயானம். அதன் மேல் விளிம்பில் குழி தோண்டினார்கள். தலைமாட்டில் பால் மங்கு ஒன்றை, ரப்பர்ப் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணத்தை, கவிழ்த்து வைத்தாள் குஞ்சம்மா. அதன்மேல்தான் சூடம் கொளுத்துவாள். புருஷனுக்கும் சேர்த்து அங்கேதான். இரண்டு பேருக்கு ஒரு குழி. அவளுக்கென்று உலகத்தில் இருந்த நிலம் அது ஒன்றுதான்.

சண்டை முடிந்து கம்பெனி திரும்பி வந்தது. சட்டமும் கூடவே வந்தது. மயானச் சரிவையும் வெட்டச் சொன்னார்கள். அங்கிருந்து விதை பறந்து நிரைக்குள் விழுகிறதாம். பிறகு கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டபோது காரணம் மாறியது. புதர் இருந்தால் காட்டிலிருக்கிறவன் வந்து ஒளிவானாம். காரணம் எதுவானால் என்ன, கொத்து ஒன்றுதான். குஞ்சம்மாவும் வெட்டினாள். மகள் குழியைச் சுற்றி மற்ற இடத்தைவிடச் சுத்தமாகவே வெட்டினாள். பாசத்தைக் காட்ட அவளுக்குத் தெரிந்த வழி அது.

அடுத்த மழையில் சரிவின் அடியில் ஒரு கீறல் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. அதற்கடுத்த மழையில் அந்தக் கீறலில் ஒரு ஆள் இறங்கி நிற்கலாம். பிறகு அது மேல் நோக்கி ஏறத் தொடங்கியது. ஓடையென்றால் கீழே போகும், இது ஏன் மேலே வருகிறது என்று முத்தாயி ஒருநாள் கேட்டாள். முத்தாயி குஞ்சம்மாவுக்குப் பக்கத்து நிரையில் வெட்டுகிறவள், வயதில் சின்னவள், வாய் ஓயாதவள். "தண்ணி தலைகீழா வுழுற எடத்துல அடி மண்ணு கரையுது, மேல் மண்ணு சரியுது. அப்படியே பின்னால தின்னுகிட்டுப் போகுது" என்றாள் குஞ்சம்மா. அவள் எத்தனையோ மழையில் நின்று பார்த்தவள். பார்த்ததைத் தடுக்கத்தான் தெரியவில்லை.

அடியிலிருந்த பழைய குழிகள் முதலில் போயின. அவற்றுக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரியாது. பாட்டன் காலத்துக் குழிகள். ஒரு காலையில் ஓடை மண்ணில் ஒரு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மருதமுத்து அதைத் துண்டில் எடுத்து வேறிடத்தில் புதைத்துவிட்டு, அன்று முழுவதும் யாரையும் அதட்டவில்லை. குஞ்சம்மா ஓடையின் தலைக்கும் மங்குக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து மழை இருட்டினாலே அவளுக்குச் சோறு இறங்காது.

இதற்கிடையில் சனங்களை ஆபீசுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். விடிந்தால் கேட் திறக்கும், சாயங்காலம் சங்கு ஊதினால் மூடும். வெளியே போகும்போது ஒரு பிடி அரிசியும் கையில் இருக்கக் கூடாது, காட்டிலிருக்கிறவனுக்குப் போய்விடுமாம். மயானம் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது.

ஐம்பத்திரண்டில் ஒருநாள் பொழுது சாய்ந்ததும் அரசாங்கத்துப் படவண்டி வந்தது. ஆபீஸ் திடலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். காட்டை விட்டு வந்து சரணடைந்தவர்களின் படம் முதலில், வழுக்கி விழுகிற ஒருவனின் படம் அடுத்து. சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவதாக ஒரு மொட்டை மலை வந்தது. மலாக்கா டவுனிலிருந்து வந்திருந்த தனபாலன் என்ற இளைஞன் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"கதாநாயகி எங்க தம்பி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இதோ வந்துட்டாங்கண்ணே. பேரு மண்ணு" என்றான் தனபாலன் மைக்கிலேயே.

"அட, நம்ம மேடுதான்லா இது!"

உண்மையில் அது எந்த ஊர் மலையோ. ஆனால் நடுவில் அதே ஓடை, அதே சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. யாரோ சிலர் வந்தார்கள். ஓடைக்குள் கழி நட்டார்கள், கிளைகளை வைத்துப் பின்னினார்கள், சரிவுக்குக் குறுக்கே புல் நட்டார்கள். சட்டென்று மலை முழுக்கப் புல்லும் கொடியுமாகிவிட்டது. பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள், ஆண்கள் பீடி பற்ற வைத்தார்கள். குஞ்சம்மா மட்டும் எழுந்து, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போனாள். தனபாலன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த ஓடைக்குள்ள கழி நட்டாங்களே, அது மேலேருந்தா, கீழேருந்தா?"

தனபாலன் விழித்தான். "நான் படத்தப் பாக்கலக்கா. எழுதிக் குடுத்தத வாசிக்கிறேன், அவ்வளவுதான். தெரைக்கு முதுகக் காட்டிட்டுதான் நிப்பேன்."

"நல்லாத்தான் சொன்னீங்க."

"கொரல் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க, ஏத்துக்கறேன். மண்ணப் பத்தி எனக்கு என்னக்கா தெரியும்? நான் பொறந்து வளந்ததெல்லாம் சிமிட்டித் தரைதான்."

அந்த நேர்மைக்காகவாவது அவனைக் குறை சொல்ல முடியாது. போகும்போது வண்டிக்குள் கைவிட்டு ஒரு படத்தாளை எடுத்துக் கொடுத்தான். மடித்து மடித்து ஆறு படங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வரி தமிழ். தோட்டங்களுக்குக் கொடுக்கச் சொல்லி வந்த கட்டு அப்படியே கிடந்ததாம், யாரும் கேட்கவில்லையாம்.

குஞ்சம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முத்தாயி தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்தவள். மறுநாள் இருவரும் வீட்டு வாசலில் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மொதல்ல தண்ணிய ஓடைக்கு மேலேயே மறிச்சு ஓரமாத் திருப்பணுமாம். இங்க பாருக்கா, ஒருத்தன் மம்மட்டியால வெட்டுறான். அடுத்தது கழி நடறது. இது கெளையப் பின்னுறது. இது புல்லு நடறது. இது கொடி வெக்கிறது."

"கடைசியில?"

முத்தாயி தாளைத் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் படத்தில் ஆள் இல்லை. மலை, அதன்மேல் பச்சை, மேலே ஒரு பறவை. "'மூன்று ஆண்டுகளுக்குப் பின்', அவ்வளவுதான் போட்டிருக்கு. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. முடிஞ்சுபோச்சு."

ஐந்து படங்களிலும் யாராவது எதையாவது செய்துகொண்டிருந்தார்கள். செய்வதைப் படம் போட்டுக் காட்டலாம். செய்யாமல் விடுவதை எப்படிப் போடுவது? அந்தத் தாளை வரைந்தவனுக்கும் தெரிந்திருக்காது. ஆளை எடுத்துவிட்டு மலையை மட்டும் போட்டால் பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்திருப்பான். பார்த்தவர்கள் அதைச் சாமி படம் போல ஒரு அழகான முடிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

குஞ்சம்மா முதலில் தாள் சொன்னபடி செய்யவில்லை. வாசலில் வெள்ளம் வந்தால் வாசலில்தானே கல் வைப்போம்? ஓடையின் வாயில், அடியில், பெரிய பெரிய கல்லாகச் சுமந்து அடைத்தாள். அடுத்த மழைக்குத் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் அறுத்தது. ஓடை இன்னும் அகலமானது. பிறகுதான் தாளின் முதல் படத்தை மறுபடி பார்த்தாள். ஓடையின் தலைக்கு மேலே சாய்வாக ஒரு வாய்க்கால் வெட்டி, வருகிற தண்ணீரைப் பக்கத்துச் சதுப்பில் விட்டாள். அடிவரை கல் சுமந்த தோள் வலி தீர ஒரு வாரமாயிற்று.

வேலை முடிவது மதியத்துக்குப் பின். கேட் மூடுவது சாயங்காலம். அந்த இடைவெளி அவளுடையது. கிழட்டு ரப்பரை வெட்டிப் புதுக்கன்று வைக்கிற காட்டிலிருந்து கழியும் கிளையும் கிடைத்தன. குசினிக்குப் பின்னால் எல்லா வீட்டிலும் செரைப் புல் இருக்கும், குழம்புக்குப் போடுகிற வாசனைப் புல். அதைப் பிரித்துப் பிரித்துச் சரிவுக்குக் குறுக்கே நட்டாள். புல்லை நடுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, திருட்டு வேலை செய்கிறவளைப் போல நட்டாள்.

கொடிக்கு மருதமுத்துவிடம் போனாள். புதுக்கன்றுக் காட்டில் மண்ணை மூடக் கம்பெனியே நீலப் பூக்கொடி போட ஆரம்பித்திருந்தது.

"பாட்டன் காலத்துலேருந்து வெட்டச் சொன்னானுங்க, இப்ப நடச் சொல்றானுங்க" என்றார் கங்காணி. "எனக்கே ஒண்ணும் வெளங்கல."

"தொரைக்குப் புத்தி வந்துடுச்சா அண்ணே?"

"புத்தியா? ஏதோ புஸ்தகம் வந்துச்சாம். பழைய காட்டுக்கு மட்டும் அந்தப் புஸ்தகம் இன்னும் வரல. அங்க வெட்டத்தான் செய்யணும், மறந்துடாத. ஆமா, ஒனக்கு எதுக்குக் கொடி?"

"புள்ள குழிமேல போட."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பூவுக்காக என்று நினைத்துக்கொண்டு ஒரு கட்டுக் கொடி அறுத்துக்கொள்ளச் சொன்னார்.

கேட்டில் நிற்கும் மலாய்க் காவலாளி முதல் நாள் கட்டைப் பிரித்து, இலையிலையாக உதறிப் பார்த்தான். அரிசி இல்லை. "மானா பெர்கி?" எங்கே போகிறாய் என்று கேட்டான். "குபூர், எஞ்சே" என்றாள் அவள், குழிக்கு ஐயா என்று. அவன் கட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்தான். பிறகு எப்போதும் அவன் அதைப் பிரிக்கவில்லை.

அந்த வருஷத்து மழையை அவள் பயந்துகொண்டே பார்த்தாள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஓடி ஓடிப் போனாள். கழிப் பின்னலுக்குப் பின்னால் மண் தங்கியிருந்தது. ஓடையின் தலை நின்ற இடத்திலேயே நின்றது. கொடி மெதுவாகக் கைகளை நீட்டியது. வெட்டாமல் விட்ட லாலான் புல்லும் பெயர் தெரியாத செடிகளும் கூடவே வந்தன. அவற்றைப் பிடுங்க அவள் கை பரபரக்கும். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் மங்குக்குப் பக்கத்தில் மண்புழு தள்ளிய சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டாள். நிரையில் அவள் அதைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல ஆளில்லாமல் மங்கிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அவளைப் பெரிய மனுஷி என்று சொல்ல வரவில்லை. அவள் காப்பாற்ற நினைத்தது மலையை அல்ல, ஒரு குழியை. மற்றக் குழிகளின் மேல் விழுந்த பச்சை போகிற போக்கில் விழுந்தது. அவள் யாருக்கும் எதையும் விளக்கவுமில்லை; தாளை வாசித்துக் காட்டிய முத்தாயியும் அன்றோடு அதை மறந்துவிட்டிருந்தாள். சிரிப்பார்கள் என்று பயம். புல்வெட்டுக்காரி புல் நட்டாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

சனங்கள் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழாமலில்லை. தீபாவளிக்கு முன்னால் எல்லாரும் மயானத்துக்குப் போய்த் தங்கள் குழிகளைச் செதுக்கிச் சுத்தம் செய்து படையல் போடுவார்கள். அந்த வருஷம் குஞ்சம்மா மங்கைச் சுற்றி ஒரு சாண் மட்டும் கையால் ஒதுக்கிவிட்டுச் சூடம் கொளுத்தினாள். "பெத்த புள்ள குழி காடாக் கெடக்குது. ஊர்க் காட்டையெல்லாம் வெட்டுறா, இத வெட்ட மனசில்ல" என்றாள் ஒருத்தி. நிரையில் முத்தாயி இதைச் சொல்லிப் பொருமினாள்.

"நீ ஏன்க்கா பேச்சு வாங்குற? ஒரு நாள் நாம ரெண்டு பேரும் போனா முடிஞ்சிடும்."

"வேணாம் முத்தாயி. அது அப்படியே கெடக்கட்டும்."

குஞ்சம்மா சொன்னதில் மறைவு எதுவும் இல்லை. ஆனால் முத்தாயி அவள் முகத்தைப் பார்த்தாள், குரலைக் கேட்டாள், அந்த வார்த்தைகளைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். மகளை நினைத்துக் கை ஓய்ந்துபோய்விட்டது, பாவம். அன்றைக்கே அவள் மனதில் ஒரு முடிவு விழுந்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது குஞ்சம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கசப்பு மருந்தின் வேகத்தில் காது இரைய அவள் கட்டிலில் கிடந்தபோது, தீபாவளிக்கு மறுநாள் முத்தாயி வந்தாள். புதுச் சேலை, கையில் ஒரு டின் முறுக்கு.

"எப்படிக்கா இருக்க? எலும்பாப் போயிட்டியே. இந்தா, சாப்புடு. ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்சேன்."

குஞ்சம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். நன்றாக வெந்து மொறுமொறுவென்றிருந்தது.

"ஒரு நல்ல சேதி சொல்லவா? இனி ஒன்ன யாரும் ஒரு வார்த்த பேச முடியாது. நாங்க எல்லாரும் போயிட்டு வந்துட்டோம்."

"எங்க?"

"குழிக்குத்தான். கங்காணி டயம் குடுத்தாரு. நம்ம வரிசைப் பொம்பளைங்க அத்தன பேரும். மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு இணுக்கு விடலக்கா. பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம், அப்படியே வாசல் மாதிரி! ஜெயமணிக்குப் படையலும் போட்டாச்சு. மங்கக் கழுவி வெச்சேன்."

குஞ்சம்மா மெல்லுவதை நிறுத்தினாள். "கொடிய?"

"அது பாம்பு அடையற கொடிக்கா! வேரோட சுருட்டி உருட்டி வுட்டோம். பாய் மாதிரி வந்துச்சு, சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு."

"செரை?"

"மேட்டுல செரை எப்படித்தான் மொளைச்சுச்சோ! ஆளுக்கொரு பிடி குசினிக்கு எடுத்துக்கிட்டோம்."

"ஓடைக்குள்ள கழி இருந்துச்சே?"

"காய்ஞ்சு கணக்கா இருந்துச்சுக்கா. பலகாரம் சுட வெறகுக்கு அலைஞ்சோமா, அதான் பிடுங்கிட்டு வந்துட்டோம். என்னமா எரிஞ்சுது தெரியுமா! இந்த முறுக்கே அதுல சுட்டதுதான்."

முத்தாயியின் முகம் ஒரு நல்ல காரியம் செய்து முடித்தவளின் முகமாக இருந்தது. பண்டிகைக்கு முன் அத்தனை வேலைகளுக்கு நடுவே, சுட்டெரிக்கும் வெயிலில், கூலி இல்லாமல் அந்தப் பெண்கள் குனிந்து வெட்டியிருக்கிறார்கள். யாரைக் கோபிப்பது? குஞ்சம்மாவுக்காக யாரும் எதுவும் செய்தது அதுவரை கிடையாது. முதல்முறையாகச் செய்திருக்கிறார்கள். வாயிலிருந்ததை அவள் விழுங்கினாள்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றாள்.

முத்தாயி போன பின் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். தீபாவளி கழிந்தால் மழைதான். அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

காய்ச்சல் முழுதும் விடுவதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கெஞ்சி, கறிகாய் லாரியில் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். இறங்கியதும் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் சாத்தியிருந்த கொத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். சரிவு சிவப்பாக, வழவழவென்று, சாணி மெழுகியதைப் போலக் கிடந்தது. அவ்வளவு அழகாக வெட்டியிருந்தார்கள். அவளாலேயே அப்படி வெட்டியிருக்க முடியாது. மேலே வாய்க்காலையும் நிரவி மட்டம் செய்திருந்தார்கள், குழி குழியாக இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்காது என்று. மங்கு கழுவி வெள்ளையாக நின்றது. கழி பிடுங்கியதில் விளிம்பு சரிந்து, ஓடையின் தலைக்கும் அதற்கும் நடுவே இப்போது ஒரு ஆள் படுக்கிற அளவு மண்கூட இல்லை.

வாய்க்காலைத் திரும்ப வெட்டத் தொடங்கினாள். கொத்து மண்ணில் இறங்காமல் வழுக்கியது. வானம் ரம்பாவ் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்தபோது பாதிகூட வெட்டி முடியவில்லை. அப்போதுதான் சங்கு ஊதியது.

மருதமுத்து குடையோடு மேடேறி வந்தார். "ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? சங்கு ஊதியாச்சு. வெளிய நின்னா பட்டாளத்தான் சுட்டுடுவான்."

"கொஞ்ச நேரம் அண்ணே. தண்ணிய மட்டும் திருப்பி வுட்டுட்டு வந்துடறேன்."

"நாளைக்கி நானே நாலு ஆம்பளைங்கள அனுப்பறேன். வா."

"நாளைக்கி இருக்காதுண்ணே."

"என்ன இருக்காது? எல்லாம் சுத்தமாத்தானே கெடக்கு!" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். கொத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தார். கேட்டில் அதே காவலாளி நின்றான். "குபூர், எஞ்சே" என்றாள் அவனிடமும். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டை இழுத்துப் பூட்டினான். அவனுக்கும் ஒரு துரை இருக்கிறான்.

மழை தகரக் கூரையில் கொட்டியது. முத்தாயி சூடாகக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குஞ்சம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷ மழையில் மேட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இன்று தண்ணீர் ஓடுகிற சத்தம் வேலிவரை கேட்டது.

காலையில் கேட் திறந்ததும் போனார்கள். இந்தமுறை எல்லாருமே போனார்கள். ஓடை சரிவின் விளிம்புவரை ஏறி, மேலே பாதையையும் கொஞ்சம் கடித்திருந்தது. மங்கு இல்லை. குழி இருந்த இடத்தில் வெறும் வெளி. கீழே நிரைகளுக்குள் சிவந்த சேறு பரவிக் கிடந்தது. ஆண்கள் இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு பீங்கான் துண்டுகூட. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

"அவ்வளவு சுத்தமாச் செஞ்சோமே அக்கா" என்று முத்தாயி திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவ்வளவு சுத்தமாச் செஞ்சும் மாரியாத்தா இப்படிப் பண்ணிட்டாளே."

சொல்லிவிடலாமா என்று குஞ்சம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. சொன்னால் முத்தாயி வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பாள். சொல்லாவிட்டால் அடுத்த மேட்டையும் இப்படியே செதுக்குவாள். இரண்டில் எது பாவம் என்று அவளால் நிறுக்க முடியவில்லை. படித்தவர்களாலும் அதை நிறுக்க முடியும் என்று தோன்றவில்லை. பாவம் பார்த்துச் சும்மா இருந்துவிட்டாள். அது சரியா என்றால், சரியில்லைதான்.

படவண்டி மறுபடியும் வந்தது. அதே மொட்டை மலை, அதே ஓடை. தனபாலனுக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. கூட்டம் கலைந்த பின் அவனே அடையாளம் கண்டு அருகில் வந்தான்.

"அக்கா, தாள் வாங்கிட்டுப் போனீங்களே, பிரயோசனப்பட்டுச்சா?"

"அதுல போட்டிருந்தது எல்லாம் சரிதான் தம்பி. அந்தக் கடைசிப் படத்துக்கு மட்டும் நீங்க இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்."

அவன் தாளொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதுல பேச என்னக்கா இருக்கு? ஆளே இல்லியே."

"ஆமா" என்றாள் குஞ்சம்மா. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் பழைய காட்டில், மேட்டுக்கு அடியிலிருந்த நிரைகள் அவள் பங்குக்கு வந்தன. சேறு காய்ந்து இறுகிப் போயிருந்தது. அதிலும் புல் வந்திருந்தது. புல் எங்குதான் வராது. வரிசை குனிந்தது. முத்தாயி தன் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பையன் ஜாசின் பக்கமாம், லாரி ஓட்டுகிறானாம், கொஞ்சம் குள்ளமாம். குஞ்சம்மா ம் கொட்டிக்கொண்டு வெட்டினாள். கொத்துக்குத் தப்பியதை விரலால் பிடுங்கினாள், வேரைத் தட்டினாள், மல்லாத்திப் போட்டாள்.

அப்படிப் போட்டதில் ஒன்று பாதியில் கண்ணில் பட்டது. மூன்று மூன்றாக இலை. மேட்டிலிருந்து சேற்றோடு உருண்டு வந்து, அங்கே தானாகவே வேர்விட்டிருந்த நீலப் பூக்கொடி. ஒரு முழ நீளம் படர்ந்து, நுனியில் ஒரு மொட்டும் வைத்திருந்தது. அது இன்னதென்று கண் அறிவதற்குள் கை தன் வேலையை முடித்துவிட்டது. வேரில் மண்கூட ஒட்டியிருக்கவில்லை, தட்டி உதிர்த்தாயிற்று.

"என்னக்கா நின்னுட்ட?" என்றாள் முத்தாயி. "கங்காணி பாக்குறாரு."

குஞ்சம்மா அதை எடுத்து, பிடுங்கிய குழியில் திரும்ப வைத்து விரலால் அழுத்தினாள். அது நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. இலைகள் அப்போதே சுருளத் தொடங்கியிருந்தன. அப்படியே விட்டால், பின்னால் வருகிறவள் அதைக் குறையென்று நினைத்துப் பிடுங்குவாள்; குஞ்சம்மா கண் தெரியாமல் விட்டுவிட்டாள் என்று அவளுக்காகப் பரிந்துகொண்டே பிடுங்குவாள்.

அவளே அதை எடுத்துக் குவியலில் போட்டாள். அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள்.

"குள்ளமா இருந்தா என்ன" என்றாள், பேச்சை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு. "நல்லவனா?"